நர்சிங் படிக்க எங்கே சேர்வது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மா,

வணக்கம். பள்ளி இறுதியாண்டில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் நர்சிங் பட்டப்படிப்பு சேர வேண்டும் என்று ஆசை. மூன்று இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று தரவரிசையில் மேலே இருப்பது. இரண்டாவதில் கட்டடமும் லேபும் பிரமாதம், படித்து முடித்த எல்லோருக்கும் வேலை என்கிறார்கள். மூன்றாவது பழைய இடம், ஒரு பெரிய மருத்துவமனையோடு சேர்ந்தது, பார்க்கச் சுமார்தான். அப்பா முதலாவதைச் சொல்கிறார், அண்ணன் இரண்டாவதை. எதை வைத்து முடிவு செய்வது? பட்டம் படித்தாலும் டிப்ளமோ படித்தாலும் வார்டில் ஒரே வேலைதானே என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கு வேதியியலில் மதிப்பெண் குறைவு, அது தடையாகுமா? நேர்காணலில் ‘ஏன் நர்சிங்?’ என்று கேட்டால், ‘சேவை செய்யப் பிடிக்கும்’ என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று இடங்களைப் பற்றியும் விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அங்கே படிப்பவர்கள் எந்த வார்டுகளுக்குப் போகிறார்கள், அவர்களோடு யார் போகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நர்சிங் மாணவர்களுக்குப் பல வருடம் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

நர்சிங் படிப்பில் ஏறக்குறைய பாதி வகுப்பறைக்கு வெளியே நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொது நர்சிங் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் என்று விதி இருக்கிறது. அதில் பாதிக்குக் குறையாமல் கிளினிக்கல் பயிற்சியாக, அதாவது நோயாளிகளோடு நேரில் பெறும் பயிற்சியாக இருக்க வேண்டும். ஆக, நீங்கள் பல்கலைக்கழகத்தை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை, கூடவே ஒரு மருத்துவமனையையும் அதன் வார்டுகளையும் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

வார்டில் கற்பது என்றால் என்ன என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி ஒருவர். காலையில் மூச்சு நிமிடத்துக்கு 16. மதியம் மாணவி எண்ணும்போது 24. பிளட் பிரஷர் சரியாக இருக்கிறது, காய்ச்சலும் இல்லை. மாணவி 24 என்று சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். பக்கத்தில் நல்ல ஆசிரியர் இருந்தால் போக விடமாட்டார். “காலையில் எவ்வளவு? ஏன் கூடியிருக்கிறது? வலியா, நுரையீரலில் ஏதாவதா, ரத்தக் கசிவா, கிருமித்தொற்றா? இப்போது யாரைக் கூப்பிடுவாய், அவரிடம் என்ன சொல்வாய்?” என்று அங்கேயே நிறுத்திக் கேட்பார். ஒருவரின் உடல்நிலை மோசமாகப் போவதை முதலில் காட்டும் அறிகுறிகளில் மூச்சின் வேகம் ஒன்று. அவசரத்தில் எண்ணாமலே விடப்படுவதும் பெரும்பாலும் அதுதான். இதைப் புத்தகத்தில் எல்லோரும் படிக்கிறார்கள். கட்டிலருகே நிற்க வைத்துக் கேட்கப்பட்டவருக்குத்தான் அது கைப்பழக்கமாக வருகிறது.

அதனால் மூன்று இடங்களுக்கும் நேரில் போங்கள். முதல் வருட மாணவர்களை விட்டுவிட்டு, மூன்றாம் வருட மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்து, “போன வாரம் வார்டில் என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். “பிபி பார்த்தோம், படுக்கை விரித்தோம், மீதி நேரம் ரெக்கார்டு எழுதினோம்” என்று மூன்றாம் வருடத்திலும் சொன்னால் அந்த இடம் வேண்டாம். “இரண்டு நோயாளிகளை ஷிப்ட் முழுக்க நானே பார்த்துக்கொண்டேன், முடிவில் அடுத்த ஷிப்ட் நர்சிடம் அவர்கள் நிலையைச் சொல்லி ஹேண்டோவர் கொடுத்தேன், மேடம் கூட இருந்தார்” என்று சொன்னால் அங்கே கற்றுத் தருகிறார்கள் என்று அர்த்தம். ஓர் ஆசிரியரோடு எத்தனை மாணவர்கள் வார்டுக்குப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். எட்டு, பத்து பேரைத் தாண்டினால் ஒருவரால் எல்லோர் கையையும் பார்க்க முடியாது. ஊசி போடும் கையைப் பார்த்தாக வேண்டும். குழந்தைகள், மகப்பேறு, மனநலம், சமூக நலப் பயிற்சிகள் எங்கே நடக்கின்றன என்பதையும் விட்டுவிடாதீர்கள். பெரிய பெயர் உள்ள இடங்களிலும் இவற்றில் ஒன்றிரண்டு பெயரளவில் நடந்து முடிவது உண்டு.

சரி, அப்பா சொல்லும் தரவரிசை. பல்கலைக்கழகங்களை உலக அளவில் வரிசைப்படுத்தும் க்யூஎஸ் மாதிரியான பாடவாரிப் பட்டியல்கள் கல்வியாளர்களிடமும் வேலை தருபவர்களிடமும் இருக்கும் நற்பெயரையும், ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதையும் வைத்துத் தயாராகின்றன. முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு அது உதவும். இரண்டாம் வருட மாணவியோடு வார்டில் யார் நிற்கிறார் என்பதை எந்தப் பட்டியலும் அளப்பதில்லை.

அண்ணனுக்குப் பிடித்த லேபை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய கவுன்சில் பத்து கல்வி நிறுவனங்களில் ஓர் ஆய்வு நடத்தி 2014ல் வெளியிட்டது. கிளினிக்கல் நேரத்தில் பாதி வரை சிமுலேஷன் லேபில், அதாவது நோயாளிக்குப் பதில் பொம்மை போன்றவற்றை வைத்துப் பழகும் இடத்தில் நடத்தினாலும் மாணவர்களின் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அங்கே சிமுலேஷனுக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் மாணவர்களை உட்கார வைத்து, என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று பேசினார்கள். பொம்மை எவ்வளவு விலை என்பதை விட்டுவிட்டு, ஒரு மாணவிக்கு வருடத்தில் எத்தனை மணி நேரம் லேப் கிடைக்கிறது, முடிந்த பிறகு யார் பேசுகிறார்கள் என்று கேளுங்கள்.

‘எல்லோருக்கும் வேலை’ என்பதைவிட நம்பகமானது, நர்சாக வேலை பார்க்க உரிமத் தேர்வு வைக்கும் நாடுகளில் முதல் முயற்சியில் தேர்ச்சி பெற்றவர்களின் விகிதம். அதையும் தனியாகப் பார்க்கக் கூடாது. நூறு பேர் சேர்ந்து, நாற்பது பேர் நடுவில் நின்றுவிட்டு, அறுபது பேர் தேர்வெழுதி, ஐம்பத்தேழு பேர் தேறினால் தேர்ச்சி 95 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும். போன நாற்பது பேர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இதையெல்லாம் விசாரிக்கும் முன்பே பார்க்க வேண்டியது அங்கீகாரம். நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் இந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், கல்லூரி அச்சிட்ட கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம். பிறகு வேறு நாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் வந்தால், ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மணி நேரம் பாடம், எத்தனை மணி நேரம் பயிற்சி என்று அந்த நாட்டுக் கவுன்சில் கேட்கும். அந்தக் கணக்கை இந்தப் பல்கலைக்கழகம் ஒழுங்காக வைத்திருந்து எழுதித் தருமா என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

உறவினர்களின் கேள்விக்கு வருகிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்க்கனும் அவரது குழுவினரும் 2003ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அந்த மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றியது. பட்டம் பெற்ற நர்சுகளின் பங்கு பத்து சதவீதம் கூடும் இடங்களில், நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு ஐந்து சதவீதம் குறைவாக இருந்தது. 2014ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோது அது ஏழு சதவீதம். பட்டம்தான் காரணம் என்று இந்த ஆய்வுகளை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வெவ்வேறு நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரியும் ஒன்றை ஒதுக்கவும் முடியாது. அதே 2014 ஆய்வில், ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினாலே இறக்கும் வாய்ப்பு ஏழு சதவீதம் கூடியது. டிப்ளமோ படித்த மிகச் சிறந்த நர்சுகளோடு நான் வேலை பார்த்திருக்கிறேன், அவர்களிடம் கற்றும் இருக்கிறேன். இருந்தாலும் உங்களுக்குப் பட்டம் படிக்க வழி இருந்தால் அதையே படியுங்கள்.

வேதியியல் பற்றி. குறைந்தபட்ச மதிப்பெண் ஒவ்வோர் இடத்திலும் வேறு, அதை முதலில் பாருங்கள். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் கவலைப்பட வேண்டாம், ஆனால் பாடத்தை விட்டுவிடவும் வேண்டாம். கரைசல், செறிவு, அமிலம், காரம், உப்புகள் இவை வார்டில் தினமும் வரும். செறிவான பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடலாம். செறிவு என்றால் என்ன என்று மனதில் பதிந்தவருக்கு இதை யாரும் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்காது. கணக்கும் அப்படித்தான். டாக்டர் எழுதியது 375 மில்லிகிராம், பாட்டிலில் இருப்பது 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். எத்தனை மில்லி கொடுப்பீர்கள்? ஏழரை. கால்குலேட்டர் இல்லாமல் இது வர வேண்டும். இந்த மாதிரிக் கணக்குகளைச் சில இடங்களில் சேர்க்கையின்போதே கேட்கிறார்கள், இன்றிலிருந்தே போட்டுப் பழகுங்கள்.

நேர்காணலைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கவலை நியாயமானது. ‘சேவை செய்யப் பிடிக்கும்’ என்பது பொய்யில்லை. ஆனால் அன்று வரும் எல்லோரும் அதையே சொல்வார்கள். எதிரே இருப்பவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, இந்த வேலை என்னவென்று தெரிந்துதான் வருகிறீர்களா என்பதை. அதற்கு ஒரே வழி போய்ப் பார்ப்பது. விண்ணப்பத்துக்கு முன் சில வாரங்கள் ஒரு முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ தன்னார்வலராக இருங்கள். ஒரு நர்சின் பின்னாலேயே நடந்து பாருங்கள். அன்றன்று பார்த்ததைக் குறித்து வையுங்கள், நோயாளிகளின் பெயர் மட்டும் வேண்டாம். நினைவு தப்பிய ஒரு பாட்டிக்கு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆனதைப் பார்த்தேன், அடுத்த அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அந்த நர்ஸ் எதை முதலில் செய்தார் என்று கவனித்தேன் – இப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் அதுவே பதில். அப்போது நைட் டியூட்டியும், மலமும் ரத்தமும், மரணமும் எல்லாம் உள்ள வேலை இது என்று தெரிந்தும் நீங்கள் வந்திருப்பதை அவர்களே புரிந்துகொள்வார்கள். போய்ப் பார்த்தபின் வேண்டாம் என்று தோன்றினாலும் நல்லதே. நான்கு வருடம் கழித்துத் தோன்றுவதைவிட இப்போது தோன்றட்டும்.

சில இடங்களில் நேர்காணலை ஒரே அறையில் வைக்காமல், ஐந்து பத்து நிமிடச் சிறு நேர்காணல்களாக அறை அறையாக வைக்கிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் மருத்துவப் படிப்புக்காகத் தொடங்கிய முறை இது. ஒரு சூழ்நிலையைக் கொடுத்துக் கேட்பார்கள்: கூடப் படிக்கும் தோழி தவறான மருந்தைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்கிறாள், என்ன செய்வீர்கள்? மனப்பாடப் பதில் இங்கே உதவாது. முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும், பொறுப்பு நர்சிடம் உடனே சொல்ல வேண்டும், தோழியைத் தானே வந்து சொல்லச் சொல்லி அவளோடு நிற்க வேண்டும். அந்த வரிசை மனதில் தெளிவாக இருந்தால் வார்த்தைகள் தானாக வரும்.

நான் மூன்று இடங்களையும் பார்க்கவில்லை, அதனால் இதுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் மகளாக இருந்தால் அந்த மூன்றாவது இடத்துக்குத்தான் முதலில் அழைத்துப் போவேன். அப்பாவையும் கூட்டிப் போங்கள், மூன்றாம் வருட மாணவர்கள் சொல்வதை அவரும் கேட்கட்டும்.

அப்புறம் ஒன்று. வார்டுக்கு அனுப்பும் முன் பல இடங்களில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். வழக்கமான முறையில் மூன்று ஊசிகள், முதல் ஊசிக்கும் மூன்றாவதுக்கும் ஆறு மாத இடைவெளி. சிறுவயதில் போட்ட பதிவு வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்.