சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஸ்டாக் சர்வர் ஆபீசுக்குள்ளேயே 192.168.1.20 என்ற முகவரியில் ஓடுகிறது. அதில் செல்ஃப் சைன்டு சான்றிதழ்தான், அதாவது சர்வரின் அடையாளத்துக்கு வெளி நிறுவனம் எதுவும் கையெழுத்திடாமல் தானே கையெழுத்திட்டுக்கொண்ட சான்றிதழ்தான், போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து தினமும் தகவல் எடுக்க பைத்தானில், ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி வைத்து ஒரு புரோகிராம் எழுதினேன். 'சர்ட்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு' என்று நின்றுவிட்டது. சீனியர், "வெரிஃபைக்கு ஃபால்ஸ் கொடு, ஓடும்" என்றார். ஓடியது. அப்புறம் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வந்து லாக் ஃபைல் நிறைந்ததால், அதையும் ஒரு வரி போட்டு அடக்கிவிட்டேன். இப்போது இதையே ஆண்ட்ராய்டு ஆப்பாகச் செய்து குடோன் மேனேஜர்களுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். மனசு உறுத்துகிறது. உள் நெட்வொர்க்தானே, பரவாயில்லையா? இல்லை, காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: காசு செலவழிக்க வேண்டாம். செலவழிக்க நினைத்தாலும் அந்த முகவரிக்குச் சான்றிதழ் கிடைக்காது. 192.168 என்று தொடங்கும் உள் முகவரிகளுக்கும், ஆபீசுக்குள் மட்டும் புழங்கும் சர்வர் பெயர்களுக்கும் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் கையெழுத்துப் போட்ட காலம் 2015 நவம்பரோடு முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தவற்றையும் 2016 அக்டோபருக்குள் ரத்து செய்தார்கள். ஆக, உங்கள் சர்வரில் செல்ஃப் சைன்டு சான்றிதழ் இருப்பது குற்றமே இல்லை. கோளாறு நீங்கள் போட்ட அந்த ஃபால்ஸில்தான் இருக்கிறது.

அந்தப் பிழைச் செய்தி சொல்வது இவ்வளவுதான்: "எதிரில் இருப்பவரை எனக்குத் தெரியாது, எப்படி அடையாளம் காண்பது?" அதற்குப் பதிலாக அடையாளத்தைக் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் "யாராக இருந்தாலும் பேசு" என்று சொல்லிவிட்டீர்கள். என்கிரிப்ஷன் இப்போதும் நடக்கிறது, மறுக்கவில்லை. ரகசியத்தைக் காதோடு காதாகத்தான் சொல்கிறீர்கள், அது யாருடைய காது என்றுதான் பார்க்கவில்லை.

உள் நெட்வொர்க்தானே என்ற சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. 192.168.1.20 எந்தக் கருவி என்று கண்டுபிடிக்க உங்கள் கம்ப்யூட்டர் பயன்படுத்துவது ஏஆர்பி என்ற 1982-ஆம் வருடத்து முறை. "அந்த முகவரி யாருடையது?" என்று அது பொதுவாகக் கேட்கும். "என்னுடையது" என்று யார் சொன்னாலும் நம்பிவிடும். ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த யாரும், வைரஸ் புகுந்த ஒரு லேப்டாப்பும், அப்படிப் பதில் சொல்லலாம். உங்கள் புரோகிராம் அங்கே போய் லாகின் பாஸ்வேர்டை நீட்டும். ஒரு எச்சரிக்கைகூட வராது, அதைத்தான் அடக்கிவிட்டீர்களே.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். சர்வரிலிருந்து சான்றிதழ் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். ரகசியச் சாவி ஃபைல் வேண்டாம், அது சர்வரை விட்டு நகரவே கூடாது, கோடைச் சேமிக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் ஏற்றுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. சான்றிதழ் ஃபைலை உங்கள் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் வைத்து, வெரிஃபை என்ற இடத்தில் ஃபால்ஸுக்குப் பதில் அந்த ஃபைலின் பாதையைக் கொடுங்கள். கோடில் அந்த ஒரு வார்த்தைதான் மாறுகிறது. நோடு ஜேஎஸ் ஆளாக இருந்தால், எக்ஸ்ட்ரா சிஏ சர்ட்ஸ் என்று முடியும் என்விரான்மென்ட் வேரியபிளில் இதே பாதையைக் கொடுக்கலாம். ஜாவாவில் கீடூல் கொண்டு, நம்பும் சான்றிதழ்களை வைக்கும் ஒரு டிரஸ்ட் ஸ்டோரில் ஏற்ற வேண்டும். கர்ல் கட்டளையில், சோதனையை அணைக்கும் மைனஸ் கே போடுகிற கையைக் கொஞ்சம் அடக்கி சிஏசர்ட் போடவும்.

சான்றிதழைப் பென் டிரைவில் நேராகச் சர்வரிலிருந்து எடுப்பது நல்லது. சான்றிதழ் வேலைகளுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியின் எஸ்-கிளையன்ட் கட்டளையால் நெட்வொர்க் வழியாகவும் எடுக்கலாம்தான். அப்படி எடுத்தால், நடுவில் ஒருவன் உட்கார்ந்திருக்கும்போது அவனுடைய சான்றிதழையே பத்திரமாகச் சேமித்து வைத்துவிடக்கூடும். சர்வர் திரையில் தெரியும் ஷா-256 கைரேகையும் (சான்றிதழிலிருந்து கணக்கிடப்படும் குறியீடு) உங்களிடம் உள்ள ஃபைலின் கைரேகையும் ஒன்றுதானா என்று ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பாதை கொடுத்ததும் ரிக்வெஸ்ட்ஸ் தன் வழக்கமான பட்டியலை ஒதுக்கிவிட்டு உங்கள் ஃபைலை மட்டும் நம்பும். அதே செஷனில் எஸ்எம்எஸ் அனுப்பும் வெளி சர்வரையும் கூப்பிட்டால் அது தோற்கும், ஆகவே ஸ்டாக் சர்வருக்கு என்று தனி செஷன் வையுங்கள். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. உலகத்தில் உள்ள எந்தச் சான்றிதழ் நிறுவனம் தவறினாலும் உங்கள் இணைப்புக்குப் பாதிப்பில்லை. அப்படித் தவறியும் இருக்கிறார்கள்: 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் யாரோ புகுந்து கூகுள் பெயருக்கே போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். 2014-இல் நம் நாட்டு தேசியத் தகவல் மையமான என்ஐசியின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்தும் கூகுள் பெயர்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்தன. தெரிந்த ஒரே ஒரு சான்றிதழை மட்டும் நம்பும் புரோகிராம், இந்த விஷயத்தில் பிரவுசரைவிடக் கெட்டி என்பேன்.

பாதை கொடுத்த பிறகும் உங்களுக்கு அநேகமாக இன்னொரு பிழை வரும்: ஐபி முகவரி பொருந்தவில்லை என்று. பலரும் இந்த இடத்தில் சலித்துப்போய் ஃபால்ஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். சான்றிதழ் செய்தவர் முகவரியைக் காமன் நேம் என்ற இடத்தில் மட்டும் எழுதியிருப்பார். அந்த இடத்தைப் பெயர் பார்க்கப் பயன்படுத்தும் வழக்கம் போய்விட்டது. குரோம் 2017-இல் விட்டது, கோ மொழி 2020-இல் விட்டது. சப்ஜெக்ட் ஆல்ட் நேம் என்ற பகுதியில் முகவரி இருக்க வேண்டும், அதுவும் டிஎன்எஸ் என்ற வகையில் அல்லாமல் ஐபி என்ற வகையில். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 முதல் ஆட்எக்ஸ்ட் என்ற தேர்வைக் கொடுத்து ஒரே கட்டளையில் இதைச் செய்துவிடலாம். சான்றிதழை மாற்றவே முடியாத பழைய கருவி ஏதாவது மாட்டினால், கைரேகையை மட்டும் ஒப்பிடும் வசதி, ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில் வேலை செய்யும் யூஆர்எல்லிப்3 லைப்ரரியில் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிழைச் செய்தியை முழுதாகப் படிக்கவும். 'செல்ஃப் சைன்டு சர்ட்டிஃபிகேட்' என்று மட்டும் வந்தால் உங்கள் கதைதான். 'இன் சர்ட்டிஃபிகேட் செயின்' என்று வால் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் யாரோ ஒரு தனியார் மூலச் சான்றிதழ் (மற்ற சான்றிதழ்களில் கையெழுத்திடப் பயன்படுவது) வைத்திருக்கிறார்கள், ஆபீஸ் ஃபயர்வாலாகக்கூட இருக்கலாம். 'லோக்கல் இஷ்யூயர்' கிடைக்கவில்லை என்றால், பல நேரங்களில் சர்வர், மூலச் சான்றிதழுக்கும் தன் சான்றிதழுக்கும் நடுவில் உள்ள இடைச் சான்றிதழை அனுப்ப மறந்திருக்கும். அதைச் சர்வரில்தான் சரிசெய்ய வேண்டும்.

இனி ஆப். இதில்தான் எனக்கு அதிகக் கவலை. 2012-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் 13,500 இலவச ஆண்ட்ராய்டு ஆப்களை அலசியபோது, 1,074-இல் இந்த வகை ஓட்டைக்கு இடம்தரும் கோடு இருந்தது. டெவலப்பர்களிடம் பின்னால் பேசிப் பார்த்ததில், செல்ஃப் சைன்டு சான்றிதழோடு டெஸ்ட் பண்ணப் போட்டதை எடுக்க மறந்தோம் என்றவர்களும் உண்டு. 'இப்போதைக்கு' என்று போட்டது அப்படியே வெளியே போய்விடுகிறது.

ஆண்ட்ராய்டில் எந்தச் சான்றிதழையும் ஏற்றுக்கொள்ளும் டிரஸ்ட் மேனேஜரை (சான்றிதழைச் சோதிக்கும் கோடு) இணையத்திலிருந்து காப்பி அடிக்காதீர்கள். போனின் செட்டிங்ஸில் சான்றிதழை ஏற்றினாலும் ஆண்ட்ராய்டு 7 முதல் ஆப்கள் இயல்பாக அதை நம்புவதில்லை. ஆப்புக்குள்ளேயே சான்றிதழை வைத்து, நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் என்ற ஃபைலில் இந்த சர்வருக்கு இதை நம்பு என்று எழுத வேண்டும். டெஸ்டிங்குக்கு மட்டும் வேறு சான்றிதழ் வேண்டுமென்றால் அதே ஃபைலில் டீபக் ஓவர்ரைட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. வெளியிடும் ஆப்பில் அது தானாகவே செயல்படாது.

குடோன்கள் ஊருக்கு வெளியே இருந்து, சர்வரை இணையத்தில் திறந்துவிடப் போகிறீர்கள் என்றால் செல்ஃப் சைன்டை விட்டுவிடலாம். டொமைன் பெயர் ஒன்று வாங்கி லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் நிறுவனத்தில் இலவசமாகவே சான்றிதழ் எடுங்கள். சொந்த டொமைன் இருந்தால், டிஎன்எஸ் பதிவு மூலம் நிரூபித்து உள் சர்வருக்கும் அங்கேயே எடுக்கலாம்.

சர்வர்கள் நான்கைந்தாகப் பெருகினால் ஒவ்வொன்றின் சான்றிதழையும் சுமக்க முடியாது. சொந்தமாக ஒரு மூலச் சான்றிதழ் செய்து, அதை வைத்து மற்றவற்றில் கையெழுத்திடலாம். ஆனால் அந்தச் சாவி வெளியே போனால் எல்லாம் போச்சு. லெனோவோ லேப்டாப்களோடு வந்து 2015-இல் அம்பலமான சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் எல்லா மெஷினிலும் ஒரே மூலச் சாவியை வைத்திருந்தது, அதைத் தோண்டி எடுக்க ஆய்வாளர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

சான்றிதழுக்குப் பத்து வருட ஆயுள் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம் என்று தோன்றும். மேனேஜர் ஒருவர் ஐபோன் வைத்திருந்தால் அது நடக்காது: 2019 ஜூலைக்குப் பிறகு செய்ததாக இருந்தால் 825 நாளுக்கு மேல் ஆயுள் உள்ள சர்வர் சான்றிதழை ஆப்பிள் ஏற்காது. இரண்டு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதியதைச் செய்து, பழையது புதியது இரண்டையும் நம்பும் ஆப்பை முதலில் எல்லோருடைய போனிலும் ஏற்றிவிட்டு, அதன் பிறகு சர்வரில் மாற்றுங்கள்.