சுவிட்சை அணைத்தால் செயலிழக்கும் ஸ்மார்ட் பல்பு

வணக்கம். உங்கள் தாயார் வழக்கம்போல் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்பு கைப்பேசிக்குக் கட்டுப்படுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பல்புக்கே மின்சாரம் நின்றுவிடுவதால் அப்படித்தான் ஆகும். அவருடைய பழக்கத்தை மாற்றச் சொல்வது நியாயமில்லை.

சாதாரண எல்இடி பல்பைப் போட்டுவிட்டு, சுவிட்சு போர்டுக்குள் சோனாஃப் மினி போன்ற சிறிய ரிலே (கைப்பேசியிலிருந்தும் இயக்கக்கூடிய மின்சுவிட்சுக் கருவி) ஒன்றைப் பொருத்துங்கள். சுவிட்சிலிருக்கும் பேஸ் ஒயரையும் பல்புக்குச் செல்லும் ஒயரையும் கழற்றி ரிலேயில் கொடுத்து, காலியான சுவிட்சிலிருந்து தனியாக இரண்டு ஒயர்களை ரிலேயில் சுவிட்சுக்கென்றே உள்ள எஸ்1, எஸ்2 முனைகளுக்கு மட்டும் கொண்டுசென்றால், கைப்பேசியில் அணைத்த விளக்கையும் அவர் சுவிட்சைத் தட்டியே எரியவைக்கலாம். இணையம் இல்லாதபோதும் சுவிட்சு வேலை செய்யும். எஸ்1, எஸ்2 முனைகளில் 230 வோல்ட் பட்டால் ரிலே எரிந்துவிடும் என்பதால், இந்த இடத்தில் மிகுந்த கவனம் தேவை.

ரிலேக்கு நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயர்) அவசியம். அதே போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் அங்கேயே கிடைக்கும். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள்.