1961இல் யாழ்ப்பாணக் கச்சேரியை, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தை, மறித்தவர்கள் ஏன் தபால் முத்திரை விற்றார்கள்?

காசு சேர்க்க இல்லை. தபால் அரசாங்கத்தின் தனியுரிமை. அதில் கைவைத்தால் கொழும்பு கண்டும் காணாமல் இருக்க முடியாது.

சுதந்திரம் கிடைத்து 13 வருசம்தான். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் 1956இல் வந்தாலும், 1961 ஜனவரி 1 முதல்தான் நிர்வாகத்தில் முழுதாக இறங்கியது. அதை எதிர்த்து பெப்ரவரி 20 அன்று தமிழரசுக் கட்சியினர் கச்சேரி வாசலில் குந்திவிட்டார்கள். பொலிஸ் குண்டாந்தடியால் அடித்தது, தூக்கி அப்புறப்படுத்தியது. அடுத்த நாளும் அதே வாசலில் ஆட்கள். பெண்களும் வந்து இருந்தார்கள். பிறகு மட்டக்களப்பு, திருகோணமலை என்று பரவி, வடக்கு கிழக்கில் அரசாங்க வேலை படுத்துவிட்டது.

ஏப்ரல் 14இல் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் தலைமையில் ‘தமிழரசு தபால் சேவை’ தொடங்கியது. சொந்த முத்திரை, வாங்கச் சனம் முண்டியடித்தது. சில நாளில் பிரதமர் சிறிமாவோவின் அரசு அவசரகாலச் சட்டம் போட்டு இராணுவத்தை இறக்கியது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் மாதக்கணக்கில் அடைபட்டார்கள்.

முத்திரைதான் வினை என்பார்கள். என்னைக் கேட்டால் அது வெறும் சாட்டு. கச்சேரி இரண்டு மாதமாக இயங்காததுதான் உண்மையான தலையிடி.