இடுப்பு மூட்டு வலி நாள்பட்டு இருப்பவருக்கு, எலும்பு சமமாக இருந்தும் ஒரு கால் குட்டையாகத் தெரிவது ஏன்?

இரு கால் எலும்புகளும் ஒரே நீளம்தான். ஆனாலும் நிற்கும்போது, நடக்கும்போது ஒரு கால் குட்டையாக இயங்குகிறது. இதைத்தான் செயல்பாட்டு நீள வேறுபாடு என்கிறார்கள். காரணம் பெரும்பாலும் காலுக்கு மேலே, இடுப்பெலும்பின் சாய்வில் இருக்கும். தொடையின் உட்புறத் தசை இறுகிப்போனால், காலை நேராக வைப்பதற்காக அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறும். காலும் கூடவே ஏறிவிடும். ஒரு பாதம் மட்டும் தட்டையாகி உள்பக்கம் சரிந்தாலும் இப்படி ஆகலாம். ஹேங்கரில் பேண்ட்டைக் கோணலாக மாட்டிப் பாருங்கள், தைத்த அளவு மாறாமலே ஒரு கால் மேலே நிற்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? படுக்க வைத்து இரண்டு அளவு எடுப்பார்கள். இடுப்பின் முன் எலும்பு முனையிலிருந்து உட்கணுக்கால் வரை ஒன்று, தொப்புளிலிருந்து உட்கணுக்கால் வரை இன்னொன்று. முதலாவது இரு பக்கமும் சமமாக இருந்து இரண்டாவது மட்டும் மாறினால், சாய்வைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கால் இறுகி ஒருபக்கமாகத் திரும்பியிருந்தால், மற்றதையும் அதே நிலையில் வைத்தே அளக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் முடிவே தப்பாகிவிடும். டேப் சில மில்லிமீட்டர் பிசகும் என்பதால் ஒருமுறை அளந்து நிறுத்தக் கூடாது. அப்புறம் நிற்க வைத்து இடுப்பு மட்டம், பாதம், தசை இறுக்கம் எல்லாம் பார்ப்பார்கள்.

கால் குட்டை என்றதும் செருப்பில் உயரம் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தசை இறுக்கத்தால் வந்த சாய்வு என்றால் அந்த உயரம் இறுக்கத்தைச் சரிசெய்வதில்லை.