பட்டியலில் ஏறாதவை

வணக்கம் ஐயா,

நான் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். சமூக அறிவியல் அறிமுகம் என்று எங்களுக்கு ஒரு தாள் இருக்கிறது. அதில் ‘சமூகமும் அதிகாரமும்’ என்ற பகுதி இப்போது நடக்கிறது. மாக்ஸ் வெபர், ராபர்ட் டால், ஃபூக்கோ என்று வாரத்துக்கு ஒருவர் வருகிறார், ஒவ்வொருவரும் அதிகாரத்துக்கு ஒரு வரையறை சொல்கிறார். எது சரியான வரையறை? தேர்வில் எதை எழுதுவது? ஃபூக்கோ அதிகாரம் எங்கும் இருக்கிறது என்கிறார். எங்கும் இருக்கிறது என்றால் எங்கும் இல்லை என்பது போலத்தானே? இதை வகுப்பிலேயே கேட்க நினைத்தேன். பேராசிரியருக்குப் பிடிக்காமல் போகுமோ என்று விட்டுவிட்டேன். அவர் இதுவரை யாரையும் திட்டியதில்லை, நல்லவர்தான்.

பொறியியல் படிக்கும் நண்பர்கள் ‘இதெல்லாம் அறிவியலா’ என்று கேலி செய்கிறார்கள். உண்மையில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. நான் ஒரு சாதாரண மாணவி. என்னிடம் எந்த அதிகாரமும் இல்லை. என்மேல் யாரும் அதிகாரம் செய்வதாகவும் தெரியவில்லை. இந்தப் பாடம் என்னைப் போன்றவர்களுக்கு எதற்கு?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது. அதற்கு வருகிறேன். முதலில் மற்றவை.

‘இதெல்லாம் அறிவியலா’ என்ற கேலிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-ல் தற்கொலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு மனிதர் எடுக்கும் முடிவுகளிலேயே மிகத் தனிப்பட்டது அது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அதன் விகிதம் ஒரு சமூகத்துக்குள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாமலும், சமூகத்துக்குச் சமூகம் வேறுபட்டும் நிற்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் கணக்கில் ஓட்டைகள் உண்டு, பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஓட்டையைக் கண்டுபிடிக்க முடிகிறது அல்லவா, அந்த அளவுக்கு அறிவியல்தான். நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் விடுங்கள். அந்த வயதில் கேலி செய்யாமல் வேறெப்போது செய்வது?

‘எது சரியான வரையறை’ என்ற கேள்விதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சலைத் தருகிறது. கோடிட்ட இடத்தை நிரப்பியே வளர்ந்த பழக்கம் இது. வெபர் சொன்னது: ஒரு சமூக உறவுக்குள், எதிர்ப்பு இருந்தாலும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு, அந்த வாய்ப்பு எதன்மேல் நின்றாலும் சரி. அவர் 1920-ல் இறந்த பிறகு வெளிவந்த நூலில் இருக்கிறது. அதிலேயே இரண்டு ஜெர்மன் சொற்களைத் தனித்தனியாக வைத்திருந்தார். மேலே சொன்னது ‘மாஹ்ட்’. ஆணையிட்டால் கீழ்ப்படிய ஆள் இருக்கும் நிலை ‘ஹெர்ஷாஃப்ட்’. நாம் இரண்டையும் அதிகாரம் என்றே மொழிபெயர்த்துவிட்டு, அப்புறம் பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறோம். முன்னதை வல்லமை என்றும் பின்னதை ஆளுகை என்றும் வைத்தால் என்ன கெட்டுப்போகும்? கலைச்சொல் ஆக்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் யோசிக்கட்டும். தேர்வுக்கு வெபரை எழுதுங்கள், மதிப்பெண் வரும்.

ஃபூக்கோ பற்றிய உங்கள் கேள்வி நல்ல கேள்வி. பெரிய ஆட்கள் கேட்ட கேள்விதான் அது. அதிகாரம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால் எங்கும் இருக்கிறது என்று அவர் 1976-ல் எழுதினார். காற்றும் எங்கும்தான் இருக்கிறது. அதற்காகப் புயலும் புழுக்கமும் ஒன்றாகிவிடுமா? எங்கும் இருப்பது எங்கும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. இதற்கு மேல் நீட்ட எனக்கு இப்போது பொறுமை இல்லை. ஏனென்றால் இந்தக் கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்டிருக்கவே கூடாது. வகுப்பில் கேட்டிருக்க வேண்டும்.

அந்த வரிக்கு வந்துவிட்டேன். “பேராசிரியருக்குப் பிடிக்காமல் போகுமோ என்று விட்டுவிட்டேன்.” அடுத்த வரியிலேயே அவர் யாரையும் திட்டியதில்லை என்கிறீர்கள். அதற்கும் கொஞ்சம் கீழே, என்மேல் யாரும் அதிகாரம் செய்வதாகத் தெரியவில்லை என்கிறீர்கள். மூன்றையும் நீங்கள்தானே எழுதினீர்கள்? அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்க மாட்டீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது, அதனால்தான் குரல் உயர்கிறது.

உத்தரவு போடுவதுதான் அதிகாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உரக்கப் பேசுவது, மேசையைத் தட்டுவது. வள்ளுவர் அதைவிட ஒரு படி உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். ‘வேலொடு நின்றான் இடுவென்றது போலும் கோலொடு நின்றான் இரவு.’ வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரன் ‘கொடு’ என்கிறான். கோலோடு நிற்கும் அரசன் பணிவாகக் கேட்கிறான். இரண்டும் ஒன்றுதான் என்கிறார். ‘இரவு’ என்ற சொல்லைப் பாருங்கள், யாசிப்பது.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் கீழ்ப்படிதல் சோதனையை உங்களுக்குப் பாடமாக நடத்தியிருப்பார்கள். 1961-ல் நியூ ஹேவனில், யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதாக நம்பி, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை விசையை அழுத்தினார்கள். அதிர்ச்சி பொய், உள்ளே இருந்தவர் ஏற்பாடு செய்த ஆள். தயங்கியவர்களிடம், சோதனையை நடத்திய சாம்பல் நிறக் கோட்டு போட்டவர் முதலில் சொன்ன வாக்கியம் ‘தயவுசெய்து தொடருங்கள்’ என்பதுதான். கோலொடு நின்றான் இரவு.

ஆனால் அங்கேகூட ஒருவர் பக்கத்தில் நின்று கேட்கவாவது செய்தார். உங்கள் வகுப்பில் யார் கேட்டார்கள்?

அதே நியூ ஹேவனில்தான் ராபர்ட் டால் தன் ஆய்வைச் செய்தார், நூல் வந்ததும் அதே 1961-ல். நகர மறுசீரமைப்பு, பள்ளிக்கல்வி, கட்சிகளின் வேட்பாளர் தேர்வு என்று மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் யார் சொன்னது நடந்தது என்று பார்த்தார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள் வென்றிருந்தார்கள். ஆகவே ஒரே கூட்டம் ஊரை ஆளவில்லை என்றார். நேர்மையான ஆய்வு. மறு வருடமே பக்ராக், பாரட்ஸ் என்ற இருவர் ஒரு கட்டுரையில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விவாதத்துக்கு வந்தவற்றில் யார் வென்றார் என்று எண்ணுகிறீர்கள், சரி. விவாதத்துக்கு வராமலே போனவற்றை யார் எண்ணுவது?

வராமல் போனதை எப்படி ஆராய முடியும் என்று கேட்கத் தோன்றும். 1971-ல் மேத்யூ கிரென்சன் ஒரு வழி கண்டார். அமெரிக்காவில் கேரி, கிழக்கு சிகாகோ என்று பக்கத்துப் பக்கத்து எஃகு நகரங்கள். புகை இரண்டிலும் உண்டு. கிழக்கு சிகாகோ 1949-லேயே காற்று மாசுக்கு எதிராகச் சட்டம் போட்டது. கேரியில் அப்படிச் சட்டம் வர 1962 ஆயிற்று. கேரி ஒரே ஒரு பெரிய எஃகு நிறுவனம் கட்டிய நகரம். அந்த நிறுவனம் சட்டத்தை எதிர்த்துப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. தேவைப்படவும் இல்லை. அது என்ன நினைக்கும் என்று மற்றவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன்.

சென்ற மாதம் பழைய காகிதங்களைக் கழிக்கும்போது, மடிப்பில் கிழிந்துபோன ஒரு கார்பன் நகல் கிடைத்தது. ‘மாதாந்திர ஆய்வுக் கூட்டம், நிகழ்ச்சி நிரல்’ என்று தலைப்பு. தட்டச்சு செய்தது நான். எழுத வருவதற்கு முன் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் துண்டுச்சீட்டுகள் வரும். அவற்றைப் பார்த்து வரிசைப்படுத்தி, எண் போட்டு அடிப்பது என் வேலை. கடைசி எண்ணுக்கு எதிரே எப்போதும் ‘தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்’ என்று இருக்கும். அந்த இதரவுக்குக் கூட்டம் வந்து சேரும்போது எல்லோரும் எழுந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

இரவுப் பணியில் இருந்த ஒரு பெண்மணியிடமிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரு சீட்டு வரும். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், நான்காக மடித்து மூலையில் குண்டூசி குத்தியிருக்கும். பணி முடிந்து நள்ளிரவுக்கு மேல் தனியாகத் திரும்ப வேண்டியிருக்கிறது, வண்டி ஏற்பாடு செய்ய முடியுமா என்பதைக் கூட்டத்தில் பேச வேண்டும். இரண்டு வரிதான்.

மேலாளருக்கு ஒரு பழக்கம். பிடிக்காத விஷயம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். துடைப்பார், அவ்வளவுதான். எங்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். செலவு சம்பந்தப்பட்ட பேச்சு என்றால் துடைப்பார் என்பது என் அனுமானம். அதனால் அந்தச் சீட்டை ‘அடுத்த கூட்டத்துக்கு’ என்று தனியே எடுத்து வைத்தேன். அடுத்த மாதமும் அப்படியே. நான்கு மாதம் நான்கு சீட்டு. ஐந்தாம் மாதம் சீட்டு வரவில்லை.

வை என்றோ வைக்காதே என்றோ யாரும் என்னிடம் சொல்லவில்லை. மேலாளருக்கு அப்படிச் சீட்டுகள் வந்ததே தெரியாது. டால் எங்கள் அலுவலகத்துக்கு வந்து கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டியிருந்தால், வண்டி என்ற சொல்லையே பார்த்திருக்க மாட்டார். இரவுப் பணியில் குறைகளே இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்.

மேலாளர் ஓய்வுபெற்ற அன்று பாராட்டு விழா நடந்தது. ஒவ்வொருவராக எழுந்து புகழ்ந்தார்கள். அவர் முகமெல்லாம் சிரிப்பு. அப்போதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேதான் இருந்தார்.

ஐந்தாம் மாதம் சீட்டு நின்றதும், அந்தப் பெண்மணி பழகிக்கொண்டுவிட்டார், ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது. உங்கள் பாடத்தில் ஸ்டீவன் லூக்ஸ் வருவார், 1974-ல் வந்த அவர் நூலோடு. விவாதத்தில் வெல்வது அதிகாரத்தின் முதல் முகம், விவாதத்துக்கே வராமல் செய்வது இரண்டாவது. மக்களுக்குத் தங்கள் குறையே குறையாகத் தெரியாதபடி அவர்கள் விருப்பத்தையே வடிவமைப்பதுதான் அதிகாரத்தின் மூன்றாவது முகம் என்பார். அழகான கருத்து, மாணவர்களுக்கு உடனே பிடித்துவிடும். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மேலே உட்கார்ந்துகொண்டு ‘பாவம், அவர்களுக்குத் தெரியவில்லை’ என்று சொல்லும் வசதியை அது தந்துவிடுகிறது. ஜேம்ஸ் ஸ்காட் மலேசியாவில் ஒரு நெல் விவசாயக் கிராமத்தில் தங்கி எழுதிய நூல் 1985-ல் வந்தது. அங்கே ஏழைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பணக்காரர் எதிரில் பேசவில்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

எங்கள் அலுவலகத்திலும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் வேலையை விட்டுப் பல வருடங்கள் கழித்து, இரவுப் பணியில் இருந்த ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். பேச்சுவாக்கில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்தக் காலத்தில் எனக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘குட்டி மேனேஜர்’. அந்தப் பெண்மணி வைத்த பெயராம். சீட்டு எந்த மேசையில் நிற்கிறது என்று அவருக்கு முதல் மாதத்திலேயே தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. நான் சம்பளம் குறைந்த சாதாரண டைப்பிஸ்ட், என்னிடம் ஏது அதிகாரம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, ‘நான் ஒரு சாதாரண மாணவி’ என்ற வாக்கியத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள். அது அடக்கம்போலத் தெரியும். நானும் அப்படித்தான் நம்பினேன். சீட்டுகள் என் மேசை இழுப்பறையில் கிடந்தன.

மில்கிராம் சோதனையின் இன்னொரு வடிவத்தையும் தேடிப் படியுங்கள், இரண்டு பக்கம்தான். விசையை அழுத்துகிறவரோடு இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்து, நடுவில் ஒருவர் பின் ஒருவராக எழுந்துபோகச் செய்தார்கள். அப்போது 40 பேரில் கடைசி வரை போனவர்கள் நான்கு பேர்தான். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் ஃபூக்கோ கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? திங்கட்கிழமை கேட்டுப் பாருங்கள். அவர் முகம் சுளித்தால் எனக்கு எழுதுங்கள், திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

பெயரை எடுத்துவிட்டேன், நீங்கள் கேட்டபடி. உங்கள் கடிதத்தில் பேராசிரியர் பாடம் நடத்தும் விதத்தைப் பற்றி இரண்டு வரிகள் இருந்தன. தவறாக ஒன்றுமில்லை, கொஞ்சம் வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள். அவர் கண்ணில் பட்டால் ஒருவேளை மனம் வருந்துவாரோ என்று அவற்றையும் எடுத்துவிட்டேன். பதிலை எழுதி முடித்துவிட்டு மேலே போய்ப் பார்க்கும்போதுதான் கவனித்தேன், எடுக்கச் சொல்லி நீங்கள் கேட்கவே இல்லை.