25 வயது, வாக்கு பக்கத்துத் தொகுதியில்: சுயேச்சையாக நிற்கலாமா?

தம்பி, தாராளமாக நிற்கலாம். சட்டமன்றத் தேர்தலுக்கு மாநிலத்தில் எந்தத் தொகுதியிலாவது வாக்காளராக இருந்தால் போதும். வேட்புமனு பரிசீலனை நாளன்று 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பெயர் உள்ள வாக்காளர் பட்டியல் பகுதியின் சான்றிட்ட நகலை மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது முன்மொழிபவர்கள், அதாவது உங்கள் வேட்புமனுவில் கையெழுத்துப் போடும் வாக்காளர்கள் விஷயத்தில்தான். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். என் நண்பருக்காக நான் அலைந்தபோது, கையெழுத்துப் போட்ட ஒருவரின் பெயர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டிருந்தது. ஆளோ எங்கள் தெருக்காரர், போன தடவை ஓட்டும் போட்டவர்! அதனால் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் கடைசிப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். கைநாட்டு வைக்கும் பாட்டி யாராவது இருந்தால் கையோடு கூட்டிப் போங்கள், அந்த ரேகையை அதிகாரி முன்னால்தான் வைக்க வேண்டும். நான்கு மனுக்கள் வரை தரலாம், டெபாசிட் ஒன்றுதான். இரண்டாவது மனுவை வேறு பத்துப் பேரை வைத்துப் போடுங்கள்.

டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுத்தாக்கலுக்கு முந்தைய நாளே திறந்துவிடுங்கள். சொத்து, வழக்கு விவரங்களை எழுதித் தரும் பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, ‘இல்லை’ என்றாவது எழுதுங்கள். மனு கொடுத்த கையோடு, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியும் அதிகாரி முன் எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாள் வந்துவிட்டால் அதற்கு வாய்ப்பே கிடையாது.

அப்பா சம்மதிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய வாக்கு நீங்கள் நிற்கும் தொகுதியில் இருந்தால், முதல் முன்மொழிபவராக அவரையே கேட்டுப் பாருங்களேன்.