படமும் ஒலியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் ஊர்த் திருவிழாவில் நாகசுரக் கச்சேரியைக் கைப்பேசியில் பதிவு செய்கிறேன். தவில் தனி தொடங்கியதும் ஒலி கிழிந்துவிடுகிறது. விலை கூடிய மைக் வாங்கினால் சரியாகுமா?
— கல்லூரி மாணவர், திருவிடைமருதூர்

மைக்கின் விலையைப் பார்க்கும் முன், கைப்பேசி ஒலியை எப்படிக் கையாள்கிறது என்பதைப் பாருங்கள். பேச்சுக்குரலைக் கருத்தில் கொண்டு அமைக்கப்பட்ட கருவி அது. ஒலி கூடினால் பதிவின் அளவைத் தானாகவே குறைக்கும், அடங்கினால் தானாகவே கூட்டும். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடுகள் விழும் ஒவ்வொரு வலுவான அடிக்கும் அளவு சட்டென்று தாழ்வதால், உடன் ஒலிக்கும் நாகசுரமும் அமுங்கிப் பிறகு மெல்ல எழுகிறது. அளவு தாழ்வதற்குள் ஒலி எல்லையைக் கடந்துவிட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுப்போகும். நீங்கள் கிழிகிறது என்று எழுதியிருப்பது அதைத்தான். அப்படி வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் முழுமையாக மீட்டுத் தராது.

கடந்த சில ஆண்டுகளில் ஒலிப்பதிவில் நிகழ்ந்த மாற்றங்களில் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது 32 பிட் ஃப்ளோட் என்ற பதிவு முறை. முன்பு பெரிய படப்பிடிப்புகளுக்கான கருவிகளில் மட்டுமே இருந்த இந்த வசதி, 2024-இல் வந்த ஸூம் எச்1 எசென்ஷியல் போன்ற கையடக்கப் பதிவுக் கருவிகளிலும், டிஜேஐ மைக் 2 போன்ற கம்பியில்லா மைக்குகளிலும் இப்போது கிடைக்கிறது. 24 பிட் பதிவின் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே அது கொள்ளும் இடைவெளி, ஏறக்குறைய 144 டெசிபல். 32 பிட் ஃப்ளோட்டின் வீச்சு 1,500 டெசிபலுக்கும் மேல். ஆதலால் ஆலாபனையின் மெல்லிய பிடியும் தவிலின் முத்தாய்ப்பும் ஒரே கோப்பில் சிதையாமல் அமையும். அளவை வீட்டுக்கு வந்து நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால், மைக்கின் சவ்வு தாங்கக்கூடிய ஒலி அழுத்தத்திற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் எந்தப் பதிவு முறையும் கைகொடுக்காது. நாகசுரத்தின் அகன்ற வாயான அணசுக்கு நேர் எதிரே மைக்கை நீட்டாதீர்கள். நான்கைந்து அடி தள்ளி, சற்றே பக்கவாட்டில், தவிலைவிட நாகசுரத்திற்கு அருகில் வையுங்கள்.

ஒலியைத் தனியே பதிந்தால் படத்துடன் பிறகு இணைக்க வேண்டும். தொடக்கத்தில் கேமராவுக்கு முன் ஒரு முறை கை தட்டினால் போதும். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், கூட்டத்துக்குப் பின்னால் 14 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவில் பதியும் ஒலி, விநாடிக்கு 25 பிரேம் கொண்ட படத்தில் ஒரு பிரேம் பிந்தியிருக்கும். தவில் அடியில் அந்த ஒரு பிரேமைக் கண் கண்டுபிடித்துவிடும். இணைக்கும்போது விரல் விழும் பிரேமைப் பார்த்து ஒலியை நகர்த்துங்கள்.

மற்றொன்று: கோயில்களுக்குள் கைப்பேசிகளைத் தடை செய்யுமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. உள்ளே பதிவு செய்வதாயின் செயல் அலுவலரிடமும் வித்வான்களிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

இரவு ஊர்வலத்தைப் படமெடுத்தால் டியூப் லைட்டும் சீரியல் விளக்கும் பட்டை பட்டையாக ஓடுகின்றனவே?
— வாசகர், கும்பகோணம்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கைப்பேசிகள் தாமாகவே எடுப்பது 30 பிரேம். இந்த இரண்டும் ஒத்துப்போகாததுதான் காரணம். கைமுறை அமைப்புக்கு மாறி, 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். டியூப் லைட்டின் பட்டைகள் மறைந்துவிடும். மலிவான எல்இடி சரங்கள் சிலவற்றில் துடிப்பு வேறு வேகத்தில் இருக்கும். அவற்றுக்கு ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பதே வழி.

மாதச் சந்தா கட்டாமல் படத்தொகுப்பு செய்ய எந்த மென்பொருள் நல்லது? தமிழில் தலைப்பு எழுதினால் எழுத்துகள் சிதறுகின்றன.
— திருமணப் படக்கலைஞர், மன்னார்குடி

டாவின்சி ரிசால்வைப் பரிந்துரைக்கிறேன். வண்ணத் திருத்தத்திற்காகத் திரைத்துறையில் புகழ்பெற்றிருந்த இந்த மென்பொருளை ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் 2009-இல் வாங்கியது; 2017-இல் ஃபேர்லைட் என்னும் ஒலிப் பகுதியும், 2018-இல் ஃப்யூஷன் என்னும் காட்சி விளைவுப் பகுதியும் அதனுடன் சேர்க்கப்பட்டன. இலவசப் பதிப்பிலேயே 4கே வரை வெளியிடலாம், வாட்டர்மார்க் விழாது. ஆனால் கணினிக்கு 16 ஜிபி நினைவகமும் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் தேவைப்படும். கணினி பழையது என்றால் கேடன்லைவ் போதும். இரண்டிலுமே ப்ராக்ஸி எனப்படும் சிறிய நகல் கோப்புகளை உருவாக்கி வெட்டி ஒட்டினால் வேலை தடங்கலின்றி நடக்கும்.

தமிழ் எழுத்துகள் சிதறுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அச்சக வேலைக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய எழுத்துருக்களில் பெரும்பாலானவை யூனிகோடு அல்ல; அவற்றை விட்டுவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பாலூ தம்பி, மீரா இனிமை ஆகிய திறந்த உரிம எழுத்துருக்களைப் பயன்படுத்துங்கள். வணிகப் பணிக்கும் அவற்றுக்குக் கட்டணம் கிடையாது. எழுத்துரு சரியாக இருந்தும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், குறை மென்பொருளின் எழுத்து அடுக்கும் பொறியில் இருக்கிறது. பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஆகியவற்றின் பல பதிப்புகளில் விருப்பத்தேர்வுகளுக்குள் சென்று தெற்காசிய மொழிகளுக்கான பொறியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எதுவும் உதவாவிட்டால், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தலைப்பை எழுதிப் பின்னணியற்ற படமாகச் சேமித்து, அதைப் படத்தின் மேல் வையுங்கள். மணமக்களின் பெயர் காலத்துக்கும் நிற்கப்போகிற படத்தில் ஒரு கொம்பு இடம் மாறுவதைச் சிறு பிழையென்று நாம் விட்டுவிடக் கூடாது.

முதிய விவசாயிகளின் பேட்டிகளுக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வசனவரி சேர்க்கலாமா? குரலையும் அதனாலேயே தெளிவாக மாற்றித் தரலாம் என்கிறார்களே?
— ஆசிரியை, திருவாரூர்

வசனவரிக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் தமிழையும் எழுதித் தரும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளுக்குள்ளேயே அதை இயக்கலாம். ஆனால் அது தருவதை முதல் வரைவாக மட்டும் கொள்ளுங்கள். பேச்சில்லாத இடைவெளியிலும் இசை ஒலிக்கும் இடத்திலும் யாரும் சொல்லாத வாக்கியங்களை அது எழுதிவிடுவதுண்டு. அதன் பயிற்சித் தரவில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதால், குறுவை, தாளடி, நாற்றங்கால் என்று நம் வயல்களில் புழங்கும் சொற்களில் தடுமாறும். பெரியவர் ஒருவர் “அஞ்சு மா நெலம்” என்று சொன்னால் அது “அஞ்சும் நிலம்” என்று வந்து நிற்கக்கூடும். மா என்பது நில அளவு, இருபது மா ஒரு வேலி என்று அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து படித்தால்தான் அது பிடிபடும். எண்களையும் ஊர்ப்பெயர்களையும் ஒலியைக் கேட்டபடியே ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

குரலை மாற்றுவதற்கு நான் உடன்படமாட்டேன். இரைச்சலைக் குறைப்பது வேறு. அதை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளிலேயே, பேச்சில்லாத ஓரிரு விநாடிகளை மாதிரியாகக் கொடுத்து அளவோடு செய்துவிடலாம். செயற்கைக் குரலைப் பொருத்திவிட்டால் அது அந்த மனிதரின் சாட்சியம் ஆகாது. உண்மைபோல் தோன்றும் செயற்கைக் காட்சியும் ஒலியும் இருந்தால் அதைப் பார்வையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று யூடியூபும் 2024 முதல் கேட்கிறது.

பெரிய கோயிலைச் சிறிய ட்ரோனால் எடுக்க உரிமம் வேண்டுமா?
— வாசகர், தஞ்சாவூர்

250 கிராமுக்கு உட்பட்ட ட்ரோனுக்கு, 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி, அதை இயக்குபவருக்கான சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வான்வெளிக் கட்டுப்பாடு எல்லா ட்ரோனுக்கும் பொருந்தும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. கோயிலோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். உரிய இரண்டு அனுமதிகளும் இல்லாமல் பறக்கவிட வேண்டாம்.

தாத்தா காலத்து வீஹெச்எஸ் நாடாக்களை 4கே தரத்துக்கு மாற்றித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகி, நாகப்பட்டினம்

முதலில் நாடாவைச் சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வெண்ணிறப் பூஞ்சை தெரிந்தால் அதை எந்தப் பிளேயரிலும் செருகக் கூடாது. நாடாவும் கெடும், அடுத்து அதில் ஓடும் நாடாக்களுக்கும் பூஞ்சை பரவும். நம் நாட்டு நாடாக்கள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில், 576 வரிகளும் விநாடிக்கு 25 பிரேமும் கொண்டவை. அந்த அளவிலேயே, சுருக்கம் குறைந்த கோப்பாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். 4கே-க்கு உயர்த்தும் செயற்கை நுண்ணறிவு, நாடாவில் இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகிறது. மங்கலாக இருக்கும் முகத்தில் அந்த ஊகம் வேறொருவர் சாயலைக் கொண்டுவந்துவிடலாம். உயர்த்திய நகலைக் குடும்பத்தார் பார்த்து மகிழ வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூலக்கோப்பு தனியே இருக்கட்டும். அதன் மூன்று பிரதிகளில் ஒன்றாவது வெளியூரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்க வேண்டும். 2004-இல் ஆழிப்பேரலையையும் 2018-இல் கஜா புயலையும் கண்ட கடற்கரை உங்களுடையது. திருச்சியிலோ மதுரையிலோ உள்ள ஓர் அலமாரிக்கு ஒரு வன்வட்டைக் கொடுத்தனுப்புங்கள், ஆண்டுக்கு ஒரு முறை அதை இயக்கிப் பார்க்கவும் சொல்லுங்கள்.